குடியிருப்போர் சார்பில்

மார்ச் 6

மதிப்பிற்குரிய சந்தை மேலாளர் அவர்களுக்கு,

மூடிக்கிடக்கும் பெரிய அங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தில் புதன்கிழமைதோறும் தாங்கள் நடத்தத் தொடங்கியிருக்கும் உழவர் சந்தை குறித்து, எதிரேயுள்ள அடுக்குமாடிக் குடியிருப்போர் சார்பில் இதை எழுதுகிறேன்.

முதலில் நன்றி. நன்றி சொல்லாமல் குறை சொன்னால் ஃபைலில் அதன் மதிப்புக் குறையும் என்பது எனக்குத் தெரியும். அந்த அங்காடி மூடிய நாளிலிருந்து இந்தப் பகுதியில் ஒரு தக்காளி வாங்க இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது. தெருமுனைக் கடையில் இருப்பவை டப்பாவில் அடைத்தவை, பாக்கெட்டில் அடைத்தவை, புட்டியில் அடைத்தவை. அடைக்கப்படாமல் அங்கே இருப்பது கடைக்காரரின் வாய் மட்டும்தான். ஒரு கூடையில் முளைவிட்ட வெங்காயம் வைத்திருக்கிறார். விலை கேட்டால், "அது விக்கிறதுக்கு இல்ல சார், வளக்குறேன்" என்கிறார்.

இனி குறைகள். சந்தை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் இந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள் இரவு வேலை முடித்துத் தூங்குகிறவர்கள், படுத்த படுக்கையாய் இருப்பவர்கள், அப்புறம் நான். வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது தரையில் கோஸ் இலைகள் கிடக்கின்றன. அவ்வளவுதான் அவர்கள் பார்த்த சந்தை.

கேரட்டை இலையோடு கட்டிப் பூங்கொத்து மாதிரி அடுக்கியிருக்கிறீர்கள். ஒவ்வொரு கூடைக்குப் பின்னாலும் அதை விளைவித்தவரின் சிரித்த புகைப்படம், கீழே அவருடைய வாழ்க்கைக் குறிப்பு. நாங்கள் கீரை வாங்க வந்தோமே தவிர மாப்பிள்ளை பார்க்க வரவில்லை. போதாக்குறைக்கு ஒருவர் கிதார் வாசிக்கிறார். விலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது.

தக்க நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சார்பில்,
நான்காம் மாடி

நகல்: நகராட்சி, சந்தைகள் பிரிவு

பின்குறிப்பு: அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். நீயாகத்தான் இருக்க வேண்டும். 'அனைவரும் வருக' என்பதற்குக் கீழே மூன்று கோடு போடுகிற ஆள் இந்த ஊரில் வேறு கிடையாது.


மார்ச் 11

அன்புள்ள நான்காம் மாடிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உறையைப் பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. முகவரியில் அஞ்சல் எண்ணுக்குப் பிறகு முற்றுப்புள்ளி வைப்பவர் நீங்கள் ஒருவர்தான். நாள் முழுக்கத் தண்ணீர் நிறுவனத்தில் உட்கார்ந்து அடுத்தவர் புகாரைப் பதிவு செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து நீங்களே ஒன்று எழுதுகிறீர்களே, கை வலிக்கவில்லையா?

கேரட் இலையை வெட்டச் சொல்லிவிட்டேன். இலையோடு கட்டினால்தான் அன்று பறித்தது என்று தெரியும் என்பது விவசாயிகளின் எண்ணம். இங்கே வாங்க வருகிறவர்கள் இலைக்கும் சேர்த்துத்தானே விலை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. புகைப்படங்களையும் எடுத்தாயிற்று. இரண்டு பேருக்கு வருத்தம்.

கிதார் வாசிப்பது முட்டைக்காரர். அவரிடம் சொன்னேன். "ஆள் வந்தா நிறுத்திடப் போறேன். வரலியே, அதான் வாசிக்கிறேன். அந்த சாரை நாலு பேரக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, கிதாரையே வித்துடறேன்" என்கிறார்.

நேரத்தைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. ஆனால் அதை மாற்றுவது எளிதல்ல. விடிவதற்கு முன்னால் பறித்து ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் இவர்கள். பேசிப் பார்க்கிறேன்.

இது புதிய முயற்சி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆற்றங்கரைப் பகுதியில் புது வீடுகள் கட்டியிருப்பவர்கள் இந்தச் சந்தை தங்களுக்கு வேண்டும் என்று ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வசதியானவர்கள். அங்கே போனால் விவசாயிகளுக்கும் லாபம். நான்தான் பிடிவாதமாக இங்கே வைத்திருக்கிறேன்.

பாப்பா போன வாரம் வந்திருந்தாள். அப்பா தொலைபேசியை எடுப்பதில்லை என்றாள். அவளிடமாவது பேசுங்கள். அவள் நகராட்சிக்கு நகல் அனுப்ப மாட்டாள்.

இப்படிக்கு,
சந்தை மேலாளர்

பின்குறிப்பு: வழக்கறிஞர் அனுப்பிய விவாகரத்துத் தாள்கள் எந்தப் புத்தகத்துக்கு அடியில் இருக்கின்றன? உங்கள் கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். அவசரப்படுத்தவில்லை. கேட்டேன்.


மார்ச் 20

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

நேற்று நானே நேரில் வந்து பார்த்ததை எழுதுகிறேன்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெண்மணி இருக்கிறார். மருத்துவமனையில் இரவு முழுக்கத் தரை துடைக்கிற வேலை. இரண்டு பிள்ளைகள். எல்லோரும் அவரை அக்கா என்பார்கள், அவரைவிட மூத்தவர்கள் உட்பட. நேற்று காலை லிஃப்டுக்கு அருகே நின்று, "பீன்ஸ் பார்த்து எத்தன நாளாச்சு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். தூங்கப் போகாமல் பையை எடுத்துக்கொண்டு வந்தார். நான் சற்றுப் பின்னால் வந்தேன்.

பீன்ஸைப் பொறுக்கி, எடை போட்டு, அரசு கொடுக்கும் உதவிச் சீட்டை நீட்டினார். உங்கள் தொண்டர், நல்ல பெண், நல்ல குரல், ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "உதவிச் சீட்டா? அது இங்க செல்லாதுங்க. நடுவுல மஞ்சக் குடை தெரியுது பாருங்க, அங்க போய் வரிசையில நின்னு மாத்திட்டு வாங்க."

மஞ்சள் குடைக்குக் கீழே மேசை. மேசைக்கு மேல் பலகை. பலகையில் 'உதவி பெறுவோர்' என்று எழுதி அதற்கும் கீழே மூன்று கோடு. சுற்றிலும் நான்கு மாடிகளின் சன்னல்கள். அக்கா குடையைப் பார்த்தார். சன்னல்களைப் பார்த்தார். "பரவால்லம்மா, வீட்டுல இருக்கு" என்று சொல்லி, பீன்ஸைக் கைப்பிடி கைப்பிடியாகத் திரும்பக் கூடையில் போட்டார். வீட்டில் இல்லை என்பது லிஃப்டுக்கே தெரியும்.

என் சட்டைப்பையில் அப்போது என்ன இருந்தது என்பது இந்தப் புகாருக்குத் தொடர்பில்லாதது.

எங்களை இப்படி வெயிலில் நிறுத்திக் காட்சிப்பொருள் ஆக்குவதைவிட, இந்தச் சந்தை இங்கே இல்லாமலிருப்பதே மேல் என்று குடியிருப்போராகிய நாங்கள் ஒருமனதாகக் கருதுகிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சார்பில்,
நான்காம் மாடி

நகல்: நகராட்சி, சந்தைகள் பிரிவு

தனியாக ஒரு வார்த்தை, இது உனக்கு. ஊருக்கு உபகாரம் செய்ய உனக்கு எப்போதுமே ஆசை. வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குப் போர்வை, பள்ளிக்கூடத்துக்கு மேசை. வீட்டில் இருப்பவன் சாப்பிட்டானா என்று கேட்கத்தான் நேரம் இருந்ததில்லை. அந்த மஞ்சள் குடையைப் பார்த்தபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.


மார்ச் 27

நான்காம் மாடிக்கு,

குடையை மடித்துவிட்டோம்.

அக்காவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தொண்டர்ப் பெண்ணிடம் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். பாவம், தெளிவாகப் பேசினால்தான் உதவி என்று நினைத்திருக்கிறாள்.

அடுத்த வாரத்திலிருந்து நுழைவாயிலில் ஒரே கவுன்ட்டர். யார் வந்தாலும் அங்கே டோக்கன் மாதிரி ஒரு சிவப்பு வில்லை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பணம் கொடுத்தாலும் அதே வில்லை, சீட்டுக் கொடுத்தாலும் அதே வில்லை. உள்ளே கடைகளில் வில்லை மட்டும்தான் செல்லும். யார் எதைக் கொடுத்து வாங்கினார்கள் என்று முட்டைக்காரருக்கும் தெரியாது, சன்னல்களுக்கும் தெரியாது. நேரமும் மாறுகிறது. மாலை நான்கிலிருந்து ஏழு வரை. விவசாயிகளைச் சம்மதிக்கவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "சாயங்காலம் வீட்டுல இல்லன்னா என் கோழிங்க என்ன நெனைக்கும்?" என்றார் முட்டைக்காரர். "உங்க வீட்டம்மா என்ன நெனைப்பாங்கன்னு கேளுங்க" என்றேன். "அவ நிம்மதியா இருப்பா" என்றார்.

உங்களால்தான் இது நடந்தது. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். குறை இருந்தால் எனக்கு எழுதுங்கள், திட்டி எழுதுங்கள், பக்கம் பக்கமாக எழுதுங்கள். நகராட்சிக்கு நகல் வேண்டாம். அங்கே இந்த இடத்தின் மேல் கண் வைத்திருப்பவர்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் போதும்.

நீங்கள் சாப்பிட்டீர்களா என்று நான் கேட்டதில்லை என்கிறீர்கள். கேட்டேன். "உப்பு கம்மி" என்று பதில் சொன்னீர்கள்.

இப்படிக்கு,
மேலாளர்

பின்குறிப்பு: தண்ணீர் நிறுவனத்தில் உங்களுக்கு இப்போது அரைநாள் வேலைதான் என்று பாப்பா சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாள்கள்?


ஏப்ரல் 10

மேலாளருக்கு,

நேற்று மாலை வந்திருந்தேன். நீ கவனித்திருக்க மாட்டாய். கோஸ் குவியலுக்குப் பின்னால் நின்றேன்.

கூட்டம் இருந்தது. மூன்றாம் மாடி பஸ் ஓட்டுநர் சீருடையோடு வந்து கத்தரிக்காயைப் பொறுக்கினார். "பிஞ்சாப் பாத்துக் குடும்மா. நாள் பூராவும் முத்துனதுங்களத்தான் ஏத்தி எறக்கிட்டு வர்றேன்" என்றார். அக்கா வந்தார். வில்லையை உள்ளங்கையில் வைத்துச் சுண்டிக்கொண்டே போய் பீன்ஸ் வாங்கினார். எடை போட்டதும், "இன்னொரு கைப்பிடி போடு" என்றார். அதட்டலாகத்தான் சொன்னார். அந்த அதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. சீட்டு வைத்திருப்பவர் அதட்டிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கிதார் இல்லை. முட்டைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்.

குறைகள் இல்லாமல் இல்லை. கவுன்ட்டர் வரிசை பஸ் நிறுத்தத்தை மறிக்கிறது. கீரைக்காரர் வில்லைக்குச் சில்லறை தர மறுக்கிறார். தராசு ஒன்று சாய்ந்திருக்கிறது. குப்பைக்கூடை போதாது. ஐந்தாவதாக, காய்கறி ஏற்றிவரும் லாரிக்காரர், உயரமானவர், வேலை நேரத்தில் தேவைக்கு அதிகமாகச் சிரிக்கிறார். மேலாளரின் பெட்டியைத் தூக்குவது அவருடைய பணிகளில் ஒன்றா என்பதைத் தெரிவிக்கவும்.

நீயும் சிரித்தாய். பத்தொன்பது வருடம் உன்னோடு இருந்தேன். நீ வாயை மூடாமல் சிரித்து நேற்றுதான் பார்க்கிறேன். பெட்டியில் அப்படி என்ன வேடிக்கை இருந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு முறை சமையலறைக் குழாயைத் திறந்து மூடினேன். எதற்கு என்று கேட்காதே.

இப்படிக்கு,
குடியிருப்போர் சார்பில்,
நான்காம் மாடி

நகல்: நகராட்சி, சந்தைகள் பிரிவு (பழக்கதோஷம். சுருக்கமாகத்தான் அனுப்பினேன். ஐந்து குறைகள் மட்டும்.)


ஏப்ரல் 23

உங்களுக்கு,

இதோடு நகராட்சியின் அறிவிப்பை வைத்திருக்கிறேன். உங்கள் லிஃப்டுக்குப் பக்கத்திலும் இந்நேரம் ஒட்டியிருப்பார்கள். சந்தையை அடுத்த மாதக் கடைசியோடு ஆற்றங்கரைப் பகுதிக்கு மாற்ற உத்தேசித்திருக்கிறார்கள். காரணத்தை அவர்கள் சொந்தமாக எழுதக்கூட இல்லை. உங்களுடையதையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்: 'இந்தச் சந்தை இங்கே இல்லாமலிருப்பதே மேல் என்று குடியிருப்போராகிய நாங்கள் ஒருமனதாகக் கருதுகிறோம்.' அதற்கு மேல் அக்காவின் பீன்ஸ் கதை முழுசாக. குடையை மடித்தது அதில் இல்லை. வில்லை இல்லை. மாலை நேரம் இல்லை. லாரிக்காரரின் சிரிப்புக்கு மட்டும் தனி ஃபைல் எண் இருக்கிறது.

மே 13 அன்று, காலை பதினொரு மணிக்கு, நகராட்சிக் கூடத்தில் கருத்துக் கேட்பு. வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. நீங்கள்தான் முதல் கடிதத்தில் எழுதினீர்கள், அந்த நேரத்தில் யார் வீட்டில் இருப்பார்கள் என்று.

நல்ல எழுத்து. அதை யாரும் மறுக்க முடியாது. அந்த எழுத்தை நான் வருடக்கணக்காக ஃப்ரிட்ஜ் கதவில் படித்தேன். 'பால் மூடி சரியாக மூடப்படவில்லை.' 'குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.' பேசுகிற தூரத்தில் நான் நிற்கும்போது காந்தத்தை வைத்து ஒட்டிவிட்டுப் போவீர்கள்.

அதையாவது பொறுத்தேன். இந்த 'நாங்கள்' இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எனக்குத் தெற்கே வேலை வந்தது நினைவிருக்கிறதா? அவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். தலை நிறைய சோப்பு. வெளியே உங்கள் குரல் கேட்டது: "எங்களுக்கு அதில் விருப்பமில்லை." நான் தலையைத் துவட்டிக்கொண்டு வருவதற்குள் நாம் ஒருமனதாக முடிவெடுத்திருந்தோம்.

அக்காவைக் கேட்டீர்களா? பஸ் ஓட்டுநரைக் கேட்டீர்களா? அந்த நான்கு மாடியில் ஒரு கதவைத் தட்டியிருக்கிறீர்களா?

லாரிக்காரரைப் பற்றிக் கேட்டதற்கு நகராட்சி வழியாகப் பதில் தர மாட்டேன்.

மேலாளர்


மே 2

உனக்கு,

பத்து நாட்களாக இதை எழுதிக் கிழிக்கிறேன். எனவே ஒழுங்காக இருக்காது.

நகராட்சியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் ஓர் இளைஞன். "பதிவான புகாரைத் திரும்பப் பெற இயலாது சார். வேற ஏதாவது குறை இருந்தா பதிவு பண்ணட்டுமா?" என்றான். தண்ணீர் நிறுவனத்தில் நான் தினமும் சொல்கிற அதே வாக்கியம், அதே நிதானம். யாராவது அழுதால்கூட அந்த நிதானத்தைக் கைவிடக் கூடாது என்பது பயிற்சி. அவன் கைவிடவில்லை.

குளியல் விஷயத்தில் நீ எழுதியதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அந்தத் தெற்கு வேலையில் வீடு தரவில்லை, பாப்பாவின் பள்ளி ஆண்டு பாதியில் இருந்தது, இன்னும் நான்கு காரணங்கள் இருந்தன. எல்லாவற்றையும் எழுதி முடித்தபோது அதுவும் ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காகிதம் மாதிரியே இருந்தது. இணைக்கவில்லை.

கதவைத் தட்டினேன். மேலிருந்து தொடங்கினேன். என் மாடியிலேயே எதிர்வீட்டுக்காரர் சங்கிலியைக் கழற்றாமல், "தண்ணி ஒழுகுதா?" என்றார். எட்டு வருடமாக எதிரெதிரே இருக்கிறோம். என் குரலை அன்றுதான் கேட்கிறாராம்.

மூன்றாம் மாடியில் பஸ் ஓட்டுநர் பனியனோடு வந்தார். சந்தை விஷயம் என்றதும் கொதித்துவிட்டார்.

"எவனோ ஒருத்தன் நம்ம எல்லார் பேரையும் சொல்லி எழுதிட்டானாம் சார். கையில கெடச்சான்னா..."

"கிடைத்திருக்கிறேன்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா? நீங்க லிஃப்ட்ல குட்மார்னிங்கூடச் சொல்ல மாட்டீங்களே. எங்களுக்காகவா எழுதுனீங்க?" கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "யாருங்க?" என்றார். "நம்ம தலைவர் வந்திருக்காரு" என்றார் இவர்.

கடைசியாகக் கீழ்த்தளம். அக்கா கதவைத் திறந்து வாசலிலேயே நின்றுகொண்டார். அறிவிப்பைப் படித்திருக்கிறார். ஒட்ட வந்த ஆள் லிஃப்டுக்கு முன்னால் நின்று எல்லோருக்கும் உரக்க வாசித்தும் காட்டியிருக்கிறான்.

"நான் பீன்ஸத் திரும்பப் போட்டத நீங்க பார்த்தீங்க. சரி. பார்த்துட்டு சும்மா இருக்க வேண்டியதுதானே? எனக்கு அன்னிக்கு அந்தக் குடையப் பார்த்து வந்த வெக்கம் அன்னிக்கே போயிடுச்சு சார். அந்த ஆளு வாசிக்கறப்போ என் பிள்ளைங்களும் நின்னுட்டிருந்தாங்க."

நான் சொன்னேன், இதைச் சரிசெய்ய ஒரு மனு தயாரிக்கிறேன், எல்லோரும் கையெழுத்துப் போட்டால் போதும், நான் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

"எழுதாதீங்க" என்றார். "பேனாவ மூடி வைங்க. எனக்கு வாய் இருக்கு."

கூட்டம் காலை பதினொரு மணிக்கு என்றேன்.

"நான் தூங்குற நேரம். ஒரு நாள் தூங்காட்டி செத்துட மாட்டேன். ஆனா நீங்க அங்க வந்து எங்களுக்காகப் பேசறேன்னு எந்திரிச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

கதவை அவர் மூடவில்லை. நானாகத்தான் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. சன்னலுக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறேன். எதிரே காலியான வண்டி நிறுத்துமிடம். நீ போட்ட வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன, எந்தக் கடை எங்கே என்று. இங்கே இதைப் பற்றிப் பேச எனக்கு யாரும் இல்லை என்பதை உனக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன் என்று நினைக்கிறேன்.

நகல் யாருக்கும் இல்லை.

நான்காம் மாடி


மே 16

உங்களுக்கு,

பின்வரிசையில் தூணுக்கு அருகே உட்கார்ந்திருந்தீர்கள். கூட்டம் முடிந்ததும் பேசலாம் என்று தேடினேன். போய்விட்டிருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஆற்றங்கரைக்காரர்கள் படங்கள், அட்டவணைகள் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். அங்கே போனால் வியாபாரம் இரட்டிப்பாகும் என்றார்கள். உண்மையாகவே இருக்கலாம். பிறகு கூட்டத் தலைவர் உங்கள் கடிதத்தை எடுத்தார். அந்தப் பத்தி முழுவதையும் வாசித்தார். நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதை எழுதினவர் வந்திருக்காரா?" என்று கேட்டார்.

நீங்கள் எழுந்தீர்கள். எழுந்தால் உங்களால் சுருக்கமாகப் பேச முடியாது என்பது எனக்குத் தெரியும். பாப்பாவின் பள்ளி ஆண்டுவிழாவில் நன்றியுரைக்கே நன்றியுரை சொன்னவர் நீங்கள். முன்வரிசையில் அக்கா கழுத்தைத் திருப்பி உங்களை முறைத்தார்.

"நான்தான். என் சார்புல மட்டும்தான் எழுதினேன். மத்தவங்க யாரையும் நான் கேக்கல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். தலைவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். வரவில்லை.

அதன் பிறகு அக்கா எழுந்தார். கண்கள் சிவந்திருந்தன, மருத்துவமனைச் சீருடையோடு அப்படியே வந்திருந்தார். "புதன்கிழமை பீன்ஸ் வாங்கினேன். வியாழக்கிழமை என் பிள்ளைங்க பீன்ஸ் தின்னாங்க. இதுக்கு மேல என்ன சார் சொல்லணும்?" என்றார். ஆற்றங்கரையில் வியாபாரம் கூடும் என்று தலைவர் சொன்னார். "அவங்களுக்கு ஏற்கெனவே கடை இருக்குல்ல? இருக்கிற எடத்துக்கே கொண்டு போய்ப் போட்டுட்டிருந்தா எங்க பக்கம் எப்பதான் வருவீங்க?" என்றார். பஸ் ஓட்டுநர் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். உங்கள் எதிர்வீட்டுக்காரரும் பேசினார். அவர் பேசியது தண்ணீர் ஒழுகுவதைப் பற்றி. இருந்தாலும் ஒரு தலை கூடுதலாயிற்று. முட்டைக்காரர், "ஆத்தங்கரைக்கு நான் வர மாட்டேன். அங்க கோழிக்கே மரியாத கம்மி" என்றார். கூடமே சிரித்தது.

சந்தை வருடக் கடைசி வரை அங்கேயே நடக்கும். மாலை நேரம், சிவப்பு வில்லை, எல்லாம் அப்படியே. அதன் பிறகு மறுபடி பார்ப்பார்களாம். மறுபடியும் வருவோம் என்று அக்கா அங்கேயே சொல்லிவிட்டார்.

நான் இருக்க மாட்டேன். நகரத்தின் வடக்குக் கோடியில் இன்னொரு பகுதியிலும் இப்படித்தான் அங்காடியை மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு சந்தை தொடங்க என்னை அனுப்புகிறார்கள். அடுத்த வாரமே போகிறேன். அவர்கள் கேட்டபோது இந்த முறை நானே பதில் சொன்னேன். உங்கள் சந்தையை முட்டைக்காரர் பார்த்துக்கொள்வார். குறைகளை அவருக்கு எழுதலாம். அவர் படிப்பாரா என்பது வேறு விஷயம்.

லாரிக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆமாம்.

தாள்களைப் பற்றி இனி நினைவூட்ட மாட்டேன். கூடத்தில் உங்களைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றியது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உப்பைக் குறையுங்கள்.

பாப்பாவின் அம்மா


மே 22

உனக்கு,

நேற்று புதன்கிழமை. நீ இல்லாத முதல் சந்தை. கவுன்ட்டரில் முட்டைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். வில்லைகளை முட்டை அட்டைகளில் அடுக்கி வைத்திருக்கிறார். பார்க்க நன்றாகவே இருக்கிறது. தராசு இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது. அதை நேரிலேயே சொன்னேன். "சொல்லிட்டீங்கல்ல, எழுத மாட்டீங்களே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, அடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகினார்.

வில்லை வாங்கினேன். என்ன கொடுத்து வாங்கினேன் என்று உள்ளே ஒருவருக்கும் தெரியாது. உனக்குச் சொல்கிறேன். சீட்டுதான். குடை இருந்த அன்றும் அதுதான் சட்டைப்பையில் இருந்தது.

பீன்ஸ் கூடைக்கு முன்னால் அக்கா. என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். "அந்தப் பக்கம் முத்தல், இந்தப் பக்கம் எடுங்க" என்றார். இந்தப் பக்கம் எடுத்தேன்.

வடக்குக் கோடியில் பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று முதலிலேயே பார்த்துவிடு. வரிசை அதை மறிக்கக் கூடாது. காலை நேரம் வைக்காதே. பலகையில் கோடு போடாதே, ஒன்றுகூட. இவை குறைகள் அல்ல.

அந்த லாரிக்காரர் தேவைக்கு அதிகமாகத்தான் சிரிக்கிறார். என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. பெட்டி கனமாக இருந்தால் அவரே தூக்கட்டும். உனக்கு முதுகு ஆகாது.

தாள்கள் எந்தப் புத்தகத்துக்கு அடியிலும் இல்லை. வந்த நாளிலிருந்து ஃப்ரிட்ஜ் கதவில்தான் இருந்தன, காந்தத்தோடு. பால் எடுக்கும்போதெல்லாம் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது. திருத்தவில்லை. கையெழுத்தை மட்டும் போட்டிருக்கிறேன்.

எடுத்த இடத்தில் அந்தத் தாளின் அளவுக்குக் கதவு வெள்ளையாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் இவ்வளவு மஞ்சளாகிவிட்டது என்பது இப்போதுதான் தெரிகிறது. துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

பாப்பா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். நான்தான் கூப்பிட்டேன். பீன்ஸ் இருக்கிறது.

இப்படிக்கு,
என் சார்பில்,
நான்

இணைப்பு: தாள்கள்
நகல்: இல்லை